தூரத்தை வெல்லும் காமிரா இருட்டை வெல்லுமா?

சட்டைப் பையில் அடங்கும் சிறு காமிராவுக்கும், லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய காமிராவுக்கும் நடுவே பாலம் போல நிற்பதால், இதற்கு 'பிரிட்ஜ் காமிரா' என்று பெயர். இதை வாங்கலாமா, கூடாதா?

2018-ல் வெளிவந்த நிக்கான் பி 1000 காமிராவையே எடுத்துக்கொள்ளலாம். அதன் 'ஜூம்' 125 மடங்கு! சந்திரனில் உள்ள பள்ளங்கள்கூடப் படத்தில் விழும். வேடந்தாங்கல் கரையில் நின்றபடியே, ஏரி நடுவே மரத்தில் இருக்கும் கூழைக்கடாவின் கண்ணைப் பிடித்துவிடலாம். லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை. பெரிய காமிராவில் இவ்வளவு தூரத்தை எட்டுவது சாமானியருக்குக் கட்டுப்படியாகாது.

குறையே இல்லையா? உண்டு. ஒளியை வாங்கும் 'சென்ஸார்' சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பெரிய காமிராவின் முழு அளவுச் சென்ஸாரில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். ஜூமை முழுக்க நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சமும் குறைந்துவிடும். ஆகவே, பறவைகள் கூடு திரும்பும் அந்தி வேளையில் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சற்றுக் கை நடுங்கினாலும் பறவை படத்தை விட்டே போய்விடும். எடையோ சுமார் 1,400 கிராம்!

பகலில் பறவை பார்த்து மகிழ விரும்புகிறவர் தைரியமாக வாங்கலாம். ஆனால், கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கும் இளைஞர் தம் சேமிப்பை இதில் போடுவது புத்திசாலித்தனமல்ல. அவருக்குத் தேவை தூரமல்ல, வெளிச்சம்.

பாலம் ஆற்றைக் கடக்கத்தான். அதன்மேல் வீடு கட்ட முடியுமா?