உர மூட்டை பார்க்காத கூட்டாளி

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் உரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். "மூட்டையைப் போடு, கொழுந்து வரும்" என்பது ஒன்று. "ரசாயனம் விஷம், நிறுத்து" என்பது மற்றது. நாங்க இரண்டிலும் இல்லை.

தேயிலை வேருக்குள்ளே ஒருவகைப் பங்கசு வாழுது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். அது முடியை விட மெல்லிய இழைகளை வேர் எட்டாத இடத்துக்கு அனுப்பி, பொசுபரசும் தண்ணீரும் கொண்டுவரும். நம்ம மலை மண் அமில மண். அதில் பொசுபரசு இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக் கிடப்பதால் இந்தக் கூட்டாளி ரொம்பவே தேவை.

சட்டென்று கரையும் பொசுபேற்று உரத்தை அள்ளிப் போட்டால், செடி கூட்டாளிக்குக் கொடுக்கும் சாப்பாட்டைக் குறைச்சிடும். அமோனியம் சல்பேற்று வருஷக்கணக்கில் விழுந்தால் மண்ணின் புளிப்பும் ஏறும். எப்பாவல பாறைப் பொசுபேற்று மெதுவாகக் கரைவதால் பாதிப்பு குறைவு.

அதுக்காக ஒரே நாளில் நிறுத்தலாமா? 2021 மே மாதம் அரசு ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. நவம்பரில் தடையை விலக்கியது. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. பங்கசு நைதரசனை உண்டாக்காது. கொழுந்தோடு போகும் நைதரசனைத் திருப்பிக் கொடுத்தே ஆகணும்.

மண் கெட்டாலும், உரம் நின்றாலும், அடி விழுவது கொழுந்து எடுக்கிறவர் கூடையில்தான். கிலோ குறைஞ்சா அரைப்பேர். மண்ணை அவங்க கெடுக்கல, தடையையும் அவங்க போடல.

நாங்க கேட்பது இதுதான். ஒவ்வொரு மலையின் மண் பரிசோதனை முடிவும் தொழிலாளருக்குத் தெரியணும். அதைப் பார்த்து உரமும் டொலமைற்றும் அளந்து போடணும். கவ்வாத்துக் கழிவு மண்ணுக்கே திரும்பணும்; ஆனால் அதுதான் பல லயங்களில் அடுப்பு விறகு. காஸுக்கு வழி செய்யாமல் "குச்சியை எடுக்காதே" என்று சொல்வது நியாயமில்லை. மண் தேறும் வரைக்கும் கிலோ இலக்கையும் குறைக்கணும்.

மண்ணைத் திருத்தும் செலவை லயத்து அடுப்பிலிருந்து எடுக்கக் கூடாது.