பசித்தால்தான் பந்து வேகமா வருமாம்!

போன ஞாயிறு நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் பையனோடு போனில் அரை மணி நேரம் சண்டை. சொத்துத் தகராறு இல்லை மக்களே, பேஸ்பால்! அங்கே மைனர் லீக் பையன்களுக்கு என்ன சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். "சித்தப்பா, அது அப்ரெண்டிஸ்ஷிப் மாதிரி. கஷ்டப்பட்டாத்தான் ஒரு வெறி வரும். பசி இருக்கிறவன்தான் மேல போவான்" என்றான். நேரத்துக்கு நேரம் சாப்பாடு போட்டு வளர்த்த பையன், பசியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான். அந்த வயிற்றெரிச்சலைத்தான் இங்கே கொட்டப் போகிறேன்.

லக்னோவில் பேங்க் உத்தியோகம் பார்க்கிறவனுக்கு அமெரிக்க மைனர் லீக் எதற்கு என்பீர்கள். (தங்கமணியும் இதையேதான் கேட்கிறார்.) காரணமே இந்த ஊர்தான். இங்குள்ள ஸ்போர்ட்ஸ் காலேஜில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இரண்டு பேரும் 2008-ல் ஒரு டிவி போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்து, பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் பந்து வீச ஒப்பந்தமானார்கள். (ஐ.பி.எல். ரிங்கு வேறு ஆள்.) 2014-ல் டிஸ்னி அதை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று படமாக்கியது, இசை நம்ம ரஹ்மான். ஆனால் நிஜக்கதை ஒப்பந்தத்துக்கு அப்புறம்தானே? 2009-ல் ரிங்கு மைனர் லீகில் ஒரு ஆட்டம் ஜெயித்தார், அமெரிக்காவில் அப்படி ஜெயித்த முதல் இந்தியர். தினேஷை 2010-லேயே அனுப்பிவிட்டார்கள். ரிங்குவுக்கு முழங்கையில் ஆபரேஷன். பெரிய லீக் மைதானத்தை மிதிக்காமலே 2018-ல் மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். அவர்கள் ஸ்கோரைத் தேடப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அங்கே ராத்திரி ஆட்டம் முடியும்போது நமக்குக் காலை காபி நேரம். எந்தப் பொடியன் எத்தனை பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான் என்று பார்த்து எக்ஸெல்லில் ஏற்றிவிட்டுத்தான் குளிக்கப் போவேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். 2020 கணக்குப்படி, மைனர் லீகின் கீழ்ப்படியில் இருக்கும் ஆட்டக்காரனுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களில்தான். சீசனுக்கு முன்னால் நடக்கும் பயிற்சி முகாமுக்குச் சம்பளமே கிடையாது. இதை எதிர்த்து 2014-ல் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? 2018-ல் அமெரிக்க அரசின் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட செலவு மசோதாவுக்குள் இவர்களுக்கென்று ஒரு சின்னப் பகுதியைச் சொருகவைத்து, குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். அதன் பெயர் 'சேவ் அமெரிக்காஸ் பாஸ்டைம் ஆக்ட்'. பொழுதுபோக்கைக் காப்பாற்றினார்களாம்!

அப்ரெண்டிஸ் வாதத்தைத்தான் முதலாளிகளும் சொன்னார்கள். நானும் பேங்கில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்ந்தவன்தான். லெட்ஜருக்கும் வவுச்சருக்கும் வித்தியாசம் காலேஜில் படித்திருந்தேனே தவிர, கவுன்டரில் உட்கார்ந்தால் கை நடுங்கும். அப்போதும் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தது. "இன்னும் கற்றுக்கொள்கிறாய், பட்டினி கிடந்தால் பேலன்ஸ் ஷீட் நன்றாக வரும்" என்று எந்த மேனேஜரும் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் நான் ராஜினாமா செய்துவிட்டு வேறு பேங்கில் சேரலாம். அந்தப் பையனால் முடியாது. பழைய ஒப்பந்தப்படி ஏழு சீசன் அவன் அந்த அணிக்குத்தான் சொந்தம். வேறு அணி பத்து மடங்கு தருகிறேன் என்றாலும் போக முடியாது. அப்ரெண்டிஸை யாராவது இப்படிக் கட்டிப்போடுவார்களா?

அண்ணன் பையன் அடுத்து எடுத்துவிட்டது பால் ஸ்கீன்ஸ். 2023-ல் முதல் ஆளாகத் தேர்வாகி 92 லட்சம் டாலர் போனஸ் வாங்கியவர், அடுத்த வருஷமே பெரிய லீகில் ஆடினார். வாஸ்தவம்தான். ஒரு கடனாளி ஒழுங்காகக் கட்டினார் என்பதற்காக மற்ற கணக்கெல்லாம் நல்ல கணக்கு என்று நான் எழுதிக் கொடுத்தால் ஆடிட்டர் விடுவாரா?

நம் ரசிகக் கூட்டம் திரும்பத் திரும்பப் பேசும் இரண்டு பேரைப் பாருங்கள். 1952 மே 13 அன்று பிரிஸ்டல் அணிக்காக ரான் நெச்சாய், 19 வயசு, ஒரே ஆட்டத்தில் 27 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் எடுக்க வேண்டியதே 27 அவுட். நடுவில் ஒரு அவுட் வேறு விதமாகப் போயும் எப்படி 27 வந்தது என்றால், ஒருவர் ஸ்டிரைக் அவுட் ஆகியும் கேட்சர் பந்தை விட்டதால் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும். அப்போது அவருக்கு வயிற்றில் அல்சர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதே வருஷம் பெரிய லீகில் 1 வெற்றி, 6 தோல்வி. அப்புறம் கை போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொருவர் ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி. அவரைப் போல வேகமாகப் போட்டவர் இல்லை என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். 1960-ல் 170 இன்னிங்ஸில் 262 ஸ்டிரைக் அவுட், வைடு மாதிரித் தாறுமாறாகப் போட்டு இனாமாக விட்ட 'வாக்' அதே 262. 1963-ல் கை போனது, பெரிய லீகில் ஒரு பந்துகூடப் போடவில்லை. பிறகு குடி, கலிபோர்னியா வயல்களில் கூலி வேலை. 2020-ல் கொரோனாவில் இறந்தார். இந்த 262-262-ஐ அலுவலக கேன்டீனில் நானே ஜோக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

2022-ல்தான் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் யூனியன் அமைத்தார்கள். பழைய வழக்கும் அந்த வருஷமே 18.5 கோடி டாலருக்கு ராஜியானது. 2023 ஒப்பந்தத்தில் சிங்கிள்-ஏ வருஷச் சம்பளம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆனது. டிரிபிள்-ஏ 17,500-லிருந்து 35,800. பசி குறைந்ததே, பந்து வேகம் குறைந்ததா? ரேடார் கன்னில் 100 மைல் காட்டுகிற பொடியன்கள் இன்றைக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

கூட்டிக் கொடுத்ததற்குப் பதிலாக முதலாளிகள் ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். ஒரு அணி வைத்துக்கொள்ளக்கூடிய மைனர் லீக் ஆட்டக்காரர்கள் 180-லிருந்து 165. முப்பது அணிகளையும் கூட்டினால் 450 பையன்களுக்கு இடமில்லை. இந்த ஒப்பந்தம் 2027 வரைதான். "பார்த்தீங்களா சித்தப்பா, சம்பளம் கேட்டாங்க, வேலை போச்சு" என்று அவன் போனில் சொன்னபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யூனியனே இல்லாத 2021-லேயே நாற்பது ஊர் அணிகளை வெட்டி 120 ஆக்கினார்களே, அப்போது யார் சம்பளம் கேட்டார்களாம்? அடுத்த ஞாயிறு போன் பண்ணுவான், கேட்கிறேன்.