படலையை மூடும் உரிமை யாருக்கு?

கொள்ளை நோய்க்கு ஆயத்தமாவது எவ்வாறு என உலக அரசாங்கங்கள் கூடிக் கூடிப் பேசுகின்றன. 2025 மே மாதத்தில் உலக சுகாதாரத் தாபனத்தின் பேரவை இதற்கென ஓர் உடன்படிக்கையையும் ஏற்றுக்கொண்டது. தடுப்பூசி, ஆய்வுகூடம், மருந்துப் பங்கீடு என்று விடயங்கள் பல ஆராயப்பட்டன. நன்று. ஆனால், கொள்ளை நோய் வரும்போதெல்லாம் மிகுதியாக மடிந்துள்ள பழங்குடி மக்களைப் பற்றிப் பேச்செழுந்தால் மட்டும் ஆட்சியாளரின் நாவில் இரக்கம் சுரக்கின்றது. உரிமை என்ற சொல் வர மறுக்கின்றது. "பாவம், அவர்களுக்கு நோயை எதிர்க்கும் வலு குறைவு" என்கின்றனர். இந்த வாதத்தையே இன்று நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற் சாட்சி சமோவாத் தீவுகள். 1918 நவம்பர் 7 ஆம் திகதி ஒக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் அப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் இன்புளுவென்சா நோயாளர் இருந்தனர். அத்தீவுகளை அப்போது ஆண்ட நியூசிலாந்து நிர்வாகம் கப்பலைத் தடுத்து வைக்காது பயணிகளை இறங்க விட்டது. ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். அஃதாவது ஐவருள் ஒருவருக்கு மேல். அயலிலே அமெரிக்காவின் ஆட்சியிலிருந்த கிழக்குச் சமோவாவில் தேசாதிபதி ஜோன் போயர் வந்த கப்பல்களைத் தடுத்து வைத்தார். மக்களும் கரையோரத்திற் காவல் நின்றனர். அங்கே அந்நோயால் இறந்தவர் ஒருவருமில்லை.

இனம் ஒன்று, மொழி ஒன்று, இரத்தம் ஒன்று. கடலுக்கு இப்பால் வலு குறைவு, அப்பால் நிறைவு என்று கூற எந்த வைத்தியர் முன்வருவார்? இரு தீவுக்கும் வேறுபட்டது உடலன்று, படலை. ஒன்று திறந்து கிடந்தது, மற்றது மூடப்பட்டிருந்தது. ஆயினும் இரண்டின் திறப்பும் அந்நியர் கையிலேயே இருந்தது என்பதை மறத்தலாகாது. நல்ல தேசாதிபதி வாய்த்த தீவு பிழைத்தது. வாய்க்காத தீவு அழிந்தது. 2002 இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கோரினார். 84 ஆண்டுகள் கழிந்து வந்த மன்னிப்பு மாண்டவர் எவரை மீட்கும்?

"அது அந்தக் காலம், இன்று நிபுணர்கள் உள்ளனர், அரசாங்கத்திடம் விட்டுவிடுங்கள்" என்பது அடுத்த வாதம். கனடாவை நோக்குவோம். 2009 இல் எச்1என்1 இன்புளுவென்சா பரவியபோது மனிற்றோபா மாகாணத்துப் பழங்குடிக் கிராமங்கள் பலவற்றில் வீடுகளுக்குக் குழாய் நீர் இருக்கவில்லை. கை கழுவ நீரில்லாதவர் கைகளுக்குப் பூசும் கிருமிநாசினியைக் கேட்டனர். அதில் மதுசாரம் இருப்பதால் அனுப்பலாமா, கூடாதா என்று அதிகாரிகள் யோசித்ததில் நாட்கள் கழிந்தன. செப்டெம்பரிலோ மத்திய சுகாதாரத் திணைக்களம் அனுப்பிய பொருட்களுடன் பிணப்பைகளும் வசகமாக் முதலிய கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. நீர் கேட்ட மக்களுக்குப் பிணம் சுற்றும் பை! நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். கேட்பவனின் குரலுக்கு அதிகாரம் இல்லாதவிடத்து நிபுணத்துவம் செய்யும் கோலம் இதுவே.

மூன்றாவது வாதம், "நாட்டின் சாலையில் நின்று மறிக்க இவர்கள் யார்?" என்பது. 2020 இல் அமெரிக்காவின் தென் டக்கோட்டாவில் இக்கேள்வி எழுந்தது. செயென் ஆற்று ஒதுக்கீட்டு நிலத்தில் வாழும் லக்கோட்டா மக்களுக்கு இருந்தது எட்டுக் கட்டில்கள் கொண்ட ஒரு வைத்தியசாலை. அவசர சிகிச்சைக்கோ மூன்று மணி நேரம் பயணஞ் செய்தல் வேண்டும். ஆகவே அம்மக்களின் சபை தம் நிலத்திற்குள் நுழையும் சாலைகளிற் சோதனைச் சாவடி அமைத்து, வருவோரை விசாரித்து விட்டது. மே மாதத்தில் கவர்னர் கிறிஸ்டி நோம் 48 மணி நேரத்திற்குள் அவற்றை அகற்றுமாறு எச்சரித்தார். சபைத் தலைவர் ஹரோல்ட் பிறேசியர் மறுத்தார்; சாவடிகள் நின்றன. நாம் கேட்கின்றோம்: அதே ஆண்டில் உலகின் அரசாங்கங்கள் பலவும் தத்தம் எல்லைகளை இழுத்து மூடவில்லையா? அதனைப் பிரிவினை என்று பழித்தவர் உண்டா? வலியவன் மூடினால் முன்னெச்சரிக்கை, எளியவன் மூடினால் சட்டவிரோதமா?

நீதிமன்றின் வாயிலும் பார்க்கப்பட்டது. 2020 யூலை மாதத்தில் பிரேசிலின் காங்கிரஸ் பழங்குடியினரைக் காக்கச் சட்டமொன்று இயற்றியபோது, ஜனாதிபதி பொல்சொனாரோ குடிநீரும் வைத்தியசாலைக் கட்டில்களும் வழங்கும் கடப்பாடுகளை நிராகரித்தார். ஓகஸ்டில் காங்கிரஸ் அந்நிராகரிப்புகள் பலவற்றைத் தள்ளிற்று. இதற்கிடையில், பழங்குடியினரின் தேசிய அமைப்பு தன் சொந்தப் பெயரிலேயே உச்ச நீதிமன்றிற்குச் சென்றது. அவ்வமைப்பின் சார்பில் வாதாடிய சட்டத்தரணி லூயிஸ் எலோய் தெரெனாவும் பழங்குடி மகனே. தனித்து வாழும் குழுக்களின் நிலங்களைச் சுற்றி நோய்த் தடுப்பு அரண்கள் அமைக்குமாறு யூலை 8 ஆம் திகதி நீதியரசர் பரோசோ கட்டளையிட்டார். முழு மன்றும் அதனை உறுதி செய்தது. ஆயினும், யனோமாமி நிலத்திலிருந்து பொன் தோண்டுவோரை வெளியேற்ற அரசாங்கம் மனங்கொள்ளவில்லை. 2023 சனவரியில் அந்நிலத்தில் சுகாதார அவசரநிலை பிரகடனஞ் செய்யவேண்டி வந்தது. ஏட்டிலுள்ள தீர்ப்பு படலையாகாது. நிலம் அவர் வசமானாலன்றோ வேலியும் அவர் வசமாகும்?

2007 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. சுகாதாரத் திட்டங்களை இயன்றவரை தம் சொந்த நிறுவனங்கள் மூலமே நடத்தும் உரிமையையும், தம் நிலத்தின் மீதுள்ள உரிமையையும் அது கூறுகின்றது. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் நியூசிலாந்து, கனடா, ஐக்கிய அமெரிக்கா மூன்றும் அடங்கும்! பின்னரே அவை மனம் மாறின. இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்நாட்டின் வேடர் நிலை யாது? 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது அவர்கள் பரம்பரையாக வேட்டையாடிய காடு அவர்களுக்கே விலக்கப்பட்டது. வாகரையிலும் மூதூரிலும் நம் மொழி பேசி வாழும் கரையோர வேடரை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நோய்க்காலத்தில் தம் ஊரின் வாயிலை மூடும் அதிகாரம் பழங்குடிச் சபைகளுக்குச் சட்டத்தால் உறுதி செய்யப்படல் வேண்டும். குடிநீரும் நிலமும் நோய் வருமுன்பே அவர் கைக்குச் சேர்தல் வேண்டும். அவர்களுக்கெனத் தீட்டும் எத்திட்டமும் அவர்தம் சம்மதத்துடனேயே தீட்டப்படல் வேண்டும்.

வைத்தியர்களே, அவர்களுக்கு ஊசி ஏற்றுமுன் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். சட்டத்தரணிகளே, வாகரைக்குச் சென்று அம்மக்களின் நில உரிமைப் பத்திரங்களைப் பாருங்கள். பத்திரம் இல்லையெனில் ஏன் இல்லையென வினவுங்கள். கமக்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மாடு வயலுள் இறங்கிய பின் வேலிக்குக் கதியால் தேடுபவன் அறுப்பதற்கு எதுவும் இராது என்பது அவர்கள் அறியாததன்று.