அறுபதுக்கு மேல் ஒரு தாலி

செட்டிநாட்டில் அறுபது வயதில் மாலை மாற்றுவதை யாரும் கேலி செய்வதில்லை. காரைக்குடி வீட்டில் மணிவிழா என்றால் முகப்பில் நாகஸ்வரம், இரண்டாங்கட்டில் பந்தி, பேரப்பிள்ளைகள் முன்னிலையில் மறுபடி தாலி. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் செட்டியார்கள் மூன்று வருடக் கணக்கில் போய்வர, ஆச்சிமார் ஊரில் காத்திருந்த சமூகம் இது. பிரிவும் சேர்வும் இங்கே புதிதில்லை.

ஆனால் முன்பே கட்டிய தாலியாக இருக்க வேண்டும். வயதான பிறகு புதிதாக ஒருவர் துணை தேடினால் அதே பேரப்பிள்ளைகளின் அப்பா, அம்மா முகம் சுளிப்பார்கள்.

அப்படி வயதான பிறகு மணந்தவர்களுக்கு உதாரணமாக, சிதார் மேதை ரவிசங்கரையும் சென்னைப் பெண் சுகன்யாவையும் பார்க்கலாம். லண்டனில் ரவிசங்கரின் கச்சேரிக்குத் தம்புரா மீட்டப்போன இளம்பெண் சுகன்யா. 1981-இல் அவர்களுடைய மகள் அனுஷ்கா பிறந்தார். ஆனாலும் இருவரும் சேர்ந்து வாழவில்லை. 1989-இல்தான் ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜி கோயிலில் திருமணம். மாப்பிள்ளைக்கு வயது 68, மகளுக்கு ஏழு. இதைத் தெய்வீகக் காதல் என்று பூசி மெழுக வேண்டாம். காத்திருந்ததன் பாரம் பெரும்பாலும் சுகன்யாவுக்குத்தான். ஆனாலும் அதற்குப் பிறகு 2012-இல் ரவிசங்கர் மறையும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் ஓர் ஓபரா எழுதத் தொடங்கினார். கிழட்டு முனிவர் சியவனரை மணந்த மகாபாரதத்துச் சுகன்யாவின் கதை! குறும்புதான். இசை நடத்துநர் டேவிட் மர்ஃபி அதை நிறைவு செய்ய, 2017-இல் இங்கிலாந்தில் மேடையேறியது.

தனியாக இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ கச்சேரிக்கு அனுப்புங்கள். பக்கத்து நாற்காலியில் யார் என்று விசாரிக்காதீர்கள்.