பணம் போன இடத்துக்கு ஆளும் போகட்டும்

2001-இல் இந்தோனேசியா நடைமுறைப்படுத்தியது துணிச்சலான முடிவு. அதிபர் சுகார்த்தோவின் முப்பதாண்டு ஆட்சியில் தலைநகர் ஜகார்த்தாவில் குவிந்த அதிகாரம் மாவட்டங்களுக்கு இறங்கியது. சுமார் 20 லட்சம் அரசு ஊழியர்கள் உள்ளாட்சிகளின் கீழ் வந்தனர். 2014-ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்தால் 70,000-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்குத் தேசிய நிதியிலிருந்து பங்கு கிடைத்தது.

அதிகாரம் இறங்கிய வேகத்தில் நிர்வாகத் திறன் இறங்கவில்லை என்பதே நம் கவலை. மதிப்பீடு தயாரிக்கவும் கணக்கெழுதவும் தெரிந்தவர் இல்லாத கிராம அலுவலகத்தில் நிதி முடங்கும், இல்லையேல் களவுபோகும். கிராமத் தலைவர்கள் பலர் ஊழல் வழக்குகளில் சிக்கியிருக்கிறார்கள். அதற்காக அதிகாரத்தை மீண்டும் தலைநகருக்கு இழுப்பது பெருந்தவறு. கடைக்கோடித் தீவுக்கும் பொறியாளரையும் கணக்கரையும் அனுப்ப வேண்டும். அவர்கள் அங்கேயே குடும்பத்தோடு தங்குமளவுக்கு ஊதியமும் வீடும் தர வேண்டும்.