நாழிக்கு எத்தனை நெல்?

சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பழந்தமிழரின் கணக்கறிவைப் பற்றி முழங்கினார். “ஒரு படிக்கு 14,400 நெல் என்று எண்ணிச் சொன்னவன் தமிழன்!” என்று அவர் கூறியதும் எழுந்த கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. நானும் தட்டினேன். வெளியே வந்தபோது, என்னோடு ஆய்வுக்கூடத்தில் பயிலும் வேற்றுமொழி நண்பர் அமைதியாகக் கேட்டார்: “உங்களில் யாரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?” விடை கூற என் நா எழவில்லை.

தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை தேடியே விடுமுறையில் ஊருக்குச் சென்றேன்.

என் ஊர் நெய்யாறு அணைக்கட்டின் அருகிலுள்ள கள்ளிக்காடு. பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பம் எங்களுடையது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் அளவைகளுக்கு எல்லைக்கோடு ஏது? எங்கள் வீட்டில் படியும் உழக்கும். அண்டை வீட்டில் நாழியும் இடங்கழியும் பறையும். அங்கே நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. நாழியும் படியும் ஒன்றே என்பார் தமிழ்நாட்டில் உண்டு. அண்டை வீட்டு நாழியையோ எங்கள் படிக்குள்ளேயே வைத்துவிடலாம்!

பாட்டியின் படியில் நீர் ஊற்றி அளந்தேன். ஏறத்தாழ 1,300 மில்லிலிட்டர். படி நெல்லை முழுவதும் எண்ணப் பொறுமை போதாது. அதற்குத் தேவையும் இல்லை. 100 மில்லிலிட்டர் கொள்ளும் குவளையில் நெல்லைக் கொட்டி, தலைதட்டி, பத்துப் பத்தாகக் கூறுகட்டி எண்ணினேன். ஒருமுறை 2,310, மறுமுறை 2,240, குவளையைக் குலுக்கி நிரப்பியபோது 2,480. குலுக்காத கணக்கில் நூறு மில்லிலிட்டருக்கு 2,300 என்று கொண்டால், எங்கள் படிக்கு ஏறத்தாழ 30,000 நெல்! கூட்டத்தில் கைதட்டல் பெற்ற எண்ணைப் போல இருமடங்கு.

அப்படியானால் முன்னோர் பிழைபட்டனரா? பழைய வாய்பாட்டை எடுத்துப் பார்த்தேன். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 8 ஆழாக்கு ஒரு படி. பெருக்கினால் 14,400 வருகிறது. அதே வாய்பாட்டு மரபில் ஒரு படிக்கு அவரை 1,800 என்றும் எள் 1,15,200 என்றும் காண்கிறோம். 1,800ஐ எட்டால் பெருக்குங்கள், 14,400. அதை மீண்டும் எட்டால் பெருக்குங்கள், 1,15,200! இயற்கையில் விளையும் மணிகள் இவ்வளவு ஒழுங்காகவா எட்டெட்டாக அடங்கும்? எட்டு எள் ஒரு நெல் என்பது பழைய நீட்டலளவை வாய்பாட்டிலும் உண்டு. ஆகவே இவை எண்ணிக் கண்ட தொகைகளாகத் தோன்றவில்லை. எளிதில் மனத்தில் நிற்க வகுத்த விகிதங்களாகவே தோன்றுகின்றன. விகிதத்தை விகிதமென்று போற்றுவது அறிவு. அதை எண்ணிக்கை என்று மேடையில் முழங்குவது முன்னோர்க்கு நாம் செய்யும் உதவி அன்று.

மணிகள் கலத்தில் அடங்கும் கணக்கு எளியதென்று எண்ணிவிடவும் வேண்டா. ஒத்த உருண்டைகளை எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் இடத்தில் நூற்றுக்கு எழுபத்து நான்கு பங்குக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611இல் கெப்ளர் கருதினார். அதற்கு நிறுவல் கண்டதாக ஹேல்ஸ் என்னும் கணித அறிஞர் அறிவித்தது 1998இல்! ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் உருண்டைகள் நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கு அளவே நிரப்பும். மிட்டாய் போன்ற தட்டை வடிவங்கள் அதனினும் நெருங்கி அடங்கும் என்பதை 2004இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் காட்டினர். வடிவம், குலுக்கல், கொட்டும் விதம் மூன்றும் எண்ணை மாற்றும்.

இதை எங்கள் பாட்டி எந்நூலையும் படிக்காமலே அறிந்திருந்தாள். இன்று ரப்பர் மரங்கள் நிற்கும் எங்கள் பக்கத்தில் நெல்வயல்கள் மிகுந்திருந்த நாளில், கூலியை நெல்லாக அளப்பார்களாம். “வாங்கும்போது குவிச்சு அளப்பான், கொடுக்கும்போது தலைதட்டி அளப்பான்” என்பாள். அந்தக் குவியல் எவ்வளவு? எங்கள் படியின் மேல் நின்ற நெல்லை வழித்து அளந்தேன், 110 மில்லிலிட்டர். ஏறத்தாழ 2,500 நெல். பன்னிரண்டு படி அளந்தால் ஒரு படி போயிற்று! குனிந்து கதிர் அறுத்தவளின் ஒரு படி நெல், ஒரு கோலின் வழிப்பில் மறைந்தது. கணக்கு என்பது பண்டிதர் பொழுதுபோக்கு அன்று. ஏமாறாதிருக்க ஏழைக்கு வேண்டிய கருவி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அளவில் ஐயம் நேரும் என்பதை அறிந்த முன்னோரும் நமக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல்லைக் குறிக்கும்போது “ஆடவல்லான்” என்னும் மரக்காலால் அளந்தது என்று கலத்தின் பெயரையும் பொறித்தனர். எந்த மரக்கால் என்று சொல்லாமல் எத்தனை மரக்கால் என்று சொல்வதில் பொருளில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் பெருமை கொள்ள வேண்டியது அந்த எச்சரிக்கையைக் கண்டன்றோ?

பழமையை இகழ்வார் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். எண்ணிப் பாராமல் புகழ்வார் கூட்டத்திலும் இனிச் சேரமாட்டேன். கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தைப் பிளவாமலே சுளையை அறிய ஒரு வழி கூறப்பட்டுள்ளது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூவே சுளையாகும் என்கிறது தாவரவியல். எனவே முள்ளுக்கும் சுளைக்கும் உறவு உண்டு. இந்த வாய்பாடு அதைச் சரியாகச் சொல்கிறதா என்பதே கேள்வி. அடுத்த பலாப் பருவத்தில் கள்ளிக்காட்டிலிருந்து பத்துப் பழங்கள் கொண்டு வருகிறேன். மன்றத் தோழர்கள் முட்களை எண்ணட்டும். பிறகு பிளந்து சுளைகளை எண்ணட்டும். வாய்பாடு நின்றாலும் வீழ்ந்தாலும், கேட்டவர்க்கு விடை கூற நம்மிடம் எண்ணிப் பார்த்த ஒரு கணக்கு இருக்கும். சுளையும் மிஞ்சும்!