பூனை மணல் தொட்டிப் புரளி



அமெரிக்கப் பள்ளிகளில் "ஃபர்ரி" என்று பூனை வேஷம் போடும் பிள்ளைகளுக்குக் கழிப்பறையில் மணல் தொட்டி வைக்கிறார்களாம். இந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். சுத்தப் பொய். 2022-இல் நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் இதைப் பேசிய புரூஸ் பாஸ்டல்மேன் என்ற உறுப்பினரே பிறகு மன்னிப்புக் கேட்டார்.

கொலராடோவில் ஜெஃபர்சன் கவுண்டிப் பள்ளிகளில் பூனை மணல் இருந்தது உண்மை. எதற்கு? துப்பாக்கியோடு எவனாவது நுழைந்து, பிள்ளைகள் வகுப்பறையில் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் அவசரத்துக்கு. கொலம்பைன் பள்ளி இருக்கும் பகுதி அது. இதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வராது. அதனால் இதை யாரும் அனுப்புவதில்லை.

ஃபர்ரி என்பவர்கள், மனிதரைப் போலப் பேசி நடக்கும் விலங்குப் பாத்திரங்களின் ரசிகர்கள். தனக்கென ஒரு நரியையோ ஓநாயையோ கற்பனை செய்து, பெயர் வைத்து, வரைவார்கள், கதை எழுதுவார்கள், மாநாட்டில் கூடுவார்கள். தலை முதல் கால் வரை மூடும் அந்த உடை ஆயிரக்கணக்கான டாலர்; பெரும்பாலோரிடம் அது கிடையாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அந்த நரி முகம் வாய் திறக்கத் தைரியம் தருகிறது. இதில் என்ன குற்றம்?

2014 டிசம்பரில் சிகாகோ பக்கத்தில் ரோஸ்மாண்டில் அவர்கள் கூடியிருந்த விடுதியில் யாரோ குளோரின் பொடி போட்டு வாயு கிளம்பியதில் 19 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்தச் செய்தியைச் சொன்ன தொலைக்காட்சிப் பெண்மணி நேரலையில் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடினார்.

படித்தவர்கள்தானே நீங்கள்? நம் பிள்ளைகள் பலர் அந்த நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். நம் குடும்பக் குழுவிலும் இருக்கிறார்கள். ஓநாய் வரைகிற பிள்ளை ஒன்று அவர்களில் இருந்தால், நீங்கள் போட்ட சிரிப்பு எமோஜியை அது பார்த்திருக்கும்.